அமுங்காத போத்தல்கள்

என் மகள் பிறந்து ஒரு மாதம் முடிவதற்குள் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் ஏழு பால்போத்தல்கள் நின்றன. முதல் மூன்றை நான் கேட்கவேயில்லை. மற்ற நான்கையும் பயத்தில் நானே வாங்கினேன். கேட்காமல் வந்த ஒவ்வொன்றையும், பிள்ளை வளர்ப்பில் தாம் பட்டம் வாங்கியவர் போன்ற முகத்தோடு யாரோ ஒருவர் தந்துவிட்டுப் போனார். போத்தல்களை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த முகங்களை இன்னும் மன்னிக்கவில்லை.

நான் திருகோணமலை நகரத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் கணவர் துறைமுகப் பக்கம் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறவர். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துக் கிடைத்த பிள்ளை என்பதால், பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் அவளில் ஒரு பங்கு இருப்பதுபோல ஒரு எண்ணம். தூக்கினார்கள், திருப்பினார்கள், மூக்கு யாருடையது, காது யாருடையது என்று பிரித்துக் கொடுத்தார்கள். உதட்டைப் பற்றித்தான் அதிகம் சொன்னார்கள். “பென்சிலால கீறினது போல இருக்கு” என்று ஒருவர் சொன்னார். உண்மையில் அழகான உதடுதான். அந்த உதட்டுக்கு உள்ளே பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பால் குடிப்பதற்குப் படாத பாடு பட்டாள். மார்பைப் பிடிப்பாள், ஒரு மணி நேரம் வாயை அசைப்பாள், வியர்ப்பாள், களைத்துத் தூங்கிப்போவாள். பத்து நிமிடத்தில் பசியோடு எழும்பி அழுவாள். சில வேளை மூக்கால் பால் வரும். நான் பயந்து துடைப்பேன். “பிள்ளையளுக்கு அப்பிடித்தான் வரும்” என்று சொல்ல எப்போதும் யாராவது பக்கத்தில் இருந்தார்கள்.

முதல் போத்தலைக் கொண்டுவந்தவர் எதிர்வீட்டு அன்ரி. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கந்தோர் கண்ணாடிக்குப் பின்னால் முப்பது வருடம் இருந்து சனங்களைப் பார்த்த அதே பார்வையோடுதான் இப்போது றோட்டையும் பார்க்கிறார். மஞ்சள் படிந்த ஒரு பழைய போத்தலைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி வந்தார்.

“லண்டனில இருந்து மகள் வந்து நிண்ட நேரம் அவளின்ர பிள்ளை குடிச்சது. நல்ல சாமான். உமக்குப் பால் போதாது, அதுதான் பிள்ளை கத்துது. உமக்கும் சின்ன வயசில்லைத்தானே.”

எனக்கு அப்போது முப்பத்தாறு. என் சட்டை முழுக்கப் பாலில் நனைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் அவர் இதைச் சொன்னார். கண் முன்னால் இருப்பதைப் பார்க்காமல் தான் முடிவு செய்ததைச் சொல்வதற்கு ஒரு திறமை வேண்டும். அந்தத் திறமை அவருக்கு நிறைய இருந்தது.

அடுத்த நாள் குடும்பநல மாது ஸ்கூட்டரில் வந்தார். மேசையில் நின்ற போத்தலைக் கண்டதும், யாரோ அரிவாளோடு நிற்பதைக் கண்டதுபோல நின்றுவிட்டார்.

“போத்தல் குடுக்கக் கூடாது, அம்மா. உங்களுக்குத் தெரியாததே? நீங்கள் படிப்பிக்கிற ஆள்.”

“நான் குடுக்கேல்லை, மிஸ். எதிர்வீட்டு ஆக்கள் கொண்டு வந்தவை.”

“மனசை அமைதியா வச்சிருங்கோ. நல்லா அணைச்சுப் பிடியுங்கோ. எல்லாப் பிள்ளையளும் குடிக்கும்.”

தாய்ப்பால்தான் நல்லது என்று அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ‘எல்லாப் பிள்ளைகளும்’ என்று அவர் சொன்னதற்குள் என் பிள்ளை இல்லை. என் தோளைத் திருத்தினார், முழங்கையைத் திருத்தினார், தலையணையைத் திருத்தினார். கதிரையை மாற்றி இருக்கச் சொன்னார். நான் ஏதோ கதிரையில் இருக்கத் தெரியாமல் பிள்ளையைப் பட்டினி போடுகிறவள் போல எனக்கே ஒரு எண்ணம் வந்தது. கொப்பியில் ‘தாய்க்கு ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று எழுதிவிட்டுப் போனார்.

பிறகு மச்சாள் வந்தார். நேரில் அல்ல, ஃபோனில். என் கணவரின் அக்கா. கனடாவில் இருபது வருடமாக இருக்கிறார். நான் கர்ப்பமாக இருக்கும்போதே ஊருக்கு வந்த யாரிடமோ இரண்டு போத்தல்கள் கொண்ட ஒரு பெட்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். நாங்கள் அதைத் திறக்கவில்லை என்று தெரிந்ததும் அவருக்குத் தாங்கவில்லை. வீடியோவில் முகம் நிறைய வந்து நின்றார்.

“இஞ்ச டொக்டர்மார் எல்லாம் இதைத்தான் சொல்லுறவை. காத்துப் பிடிக்காது. நீர் ஊர்ப் பழக்கத்தில இருக்காமல் எடுத்துக் குடும்.”

பெட்டியைத் திறந்தோம். போத்தலுக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் ஒரு குழாய், அதற்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு வளையம், அதற்கு மேல் சூப்பி. கழுவ மூன்று வகைத் தூரிகை. என் கணவர் அதை மேசையில் பரப்பி, எஞ்சினைப் பூட்டுவதுபோல ஒழுங்காகப் பூட்டினார். நான் பாலைப் பிழிந்து எடுத்து ஊற்றினேன். பிள்ளை சூப்பியை வாயில் வாங்கி ஆவலோடு அசைத்தாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பால் ஊற்றிய கோட்டிலேயே நின்றது.

“நீங்கள் சரியாப் பூட்டேல்லை” என்றார் மச்சாள்.

“உங்கட தம்பிதான் பூட்டினவர், மச்சாள்.”

“அவனுக்கு என்ன தெரியும்.”

கடல் நடுவில் நின்றுபோன படகுகளை ஓடவைக்கிறவருக்கு ஒரு சூப்பி பூட்டத் தெரியாது என்பது கனடாவிலிருந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அவர் போத்தலைத் திரும்பவும் கழற்றினார்.

இந்த நிலையில்தான் நான் பாமசிக்குப் போனேன். நகரத்தில் பெரிய பாமசி. முதலாளி எனக்குத் தெரிந்தவர். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். அவள் அப்பாவைப் போல இல்லை, கேள்வி கேட்பாள். அவர் பிள்ளைக்கு என்ன வயது, என்ன நிறை, எப்படிக் குடிக்கிறாள் என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. “குடிக்குதில்லை” என்று நான் சொன்னது போதுமாக இருந்தது. கண்ணாடி அலுமாரியைத் திறந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் டக்டக்கென்று தட்டினார்.

“அமத்திப் பாருங்கோ, டீச்சர்.”

அமத்தினேன்.

“அமுங்குதோ? ஏலாது. கல்லு. மலிவுச் சாமான் எண்டால் கை பட்டதும் உள்ள போகும். இது ஆயுசுக்கும் இருக்கும்.”

அமுங்காத அந்தப் போத்தல்மேல் எனக்கும் ஒரு மதிப்பு வந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆயுள் முழுவதும் இருக்கும் போத்தல் ஒரு பிள்ளைக்கு எதற்கு என்று யோசிக்கும் நிலையில் நான் இருக்கவில்லை. வாங்கிக்கொண்டு போனேன். அவள் குடிக்கவில்லை. மூன்று நாள் கழித்து இன்னொன்று வாங்கினேன், சூப்பியில் பெரிய துவாரம் உள்ளது. பால் குபுகுபுவென்று போய்ப் பிள்ளைக்குப் புரையேறி, முகம் நீலம் பாரித்து, நான் செத்துப் பிழைத்தேன். பிறகு அவர் தந்தது சிறிய துவாரம். பிறகு கண்ணாடிப் போத்தல். ஒவ்வொரு முறையும் முதல் தந்ததைக் குறை சொல்லி அடுத்ததைத் தந்தார். முதல் தந்தவரும் தானே என்ற நினைவு அவர் முகத்தில் கொஞ்சமும் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நாள் கிளினிக்கில் பிள்ளையின் நிறை பார்த்தார்கள். பிறந்தபோது இருந்த நிறைக்கே அவள் இன்னும் திரும்பவில்லை. குடும்பநல மாது முதல்முறையாக ஆலோசனை எதுவும் சொல்லாமல் துண்டு எழுதித் தந்தார். நாங்கள் அன்றே பெரிய வைத்தியசாலைக்குப் போனோம்.

அங்கே பிள்ளைகள் பிரிவில் ஒரு தாதி இருந்தார். சிரிக்காத, அவசரப்படாத பெண். நான் ஏழு போத்தல்களின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்கவில்லை. பிள்ளையைத் தன் மடியில் கிடத்தி, சின்ன டோர்ச்சை எடுத்து, விரலால் நாக்கை அமத்தி, வாய்க்குள் பார்த்தார். அரை நிமிடம்கூட இருக்காது.

“இதுக்கு முதல் ஆராவது வாய்க்குள்ள பார்த்தவையோ?”

“எல்லாரும் உதட்டைத்தான் பார்த்தவை, மிஸ்.”

“அண்ணத்தில பின்பக்கம் பிளவு இருக்கு. வெளியில தெரியாது. நீங்கள் என்ன படிப்பிக்கிறனீங்கள்?”

“விஞ்ஞானம்.”

“அப்ப உங்களுக்கு விளங்கும். ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவால குடிக்க ஏலுமோ?”

ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்பில் நான் கரும்பலகையில் ஒரு செவ்விளநீரையும் அதில் ஒரு ஸ்ட்ரோவையும் கீறுகிறேன். வாய்க்குள் காற்றழுத்தம் குறைகிறது, வெளியிலுள்ள காற்று இளநீரை மேலே தள்ளுகிறது, ஸ்ட்ரோவில் ஓட்டை இருந்தால் அழுத்தம் குறையாது, ஆகவே இளநீர் ஏறாது. பரீட்சையில் இந்தக் கேள்விக்குப் பிழையாக எழுதும் பிள்ளைகளை நான் நின்று ஏசியிருக்கிறேன். என் வீட்டில் மூன்று கிழமை என் பிள்ளை அதே கேள்வியை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்டாள். நான் பதில் எழுதவில்லை. போத்தல் மாற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் மனதில் எழுந்த இகழ்ச்சியில் பெரிய பங்கு என்மேல்தான். அதை நியாயமாகவே எடுத்துக்கொண்டேன்.

வைத்தியர் வந்து விளக்கினார். ஒரு வயது ஆகுமுன் சத்திரசிகிச்சை செய்து மூடிவிடலாம், அதுவரை அவளை நிறை ஏற்றுவதுதான் எங்கள் வேலை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு விசேட போத்தல் வெளிநாட்டில் உண்டு, இங்கே எடுப்பது கஷ்டம் என்று பெயரை எழுதித் தந்தார். அதுவரை பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக் கரண்டியால் கொடுக்கச் சொன்னார்.

செய்தி வீட்டுக்கு எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. எதிர்வீட்டு அன்ரி வாசலிலேயே மறித்தார்.

“வயித்தில பிள்ளை இருக்கேக்க கிரகணத்தண்டைக்கு வெளியில போனீரோ?”

“ஓம், அன்ரி. பார்க்கத்தான் போனனான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினனான்.”

“அதுதான்” என்றார். தன் கணக்குச் சரிவந்த திருப்தி முகத்தில் இருந்தது. என் பிள்ளைக்காக ஒரு சொல் வருத்தம் இல்லை.

மச்சாள் ஃபோனில், “எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இப்பிடி இல்லை” என்றார். என் குடும்பத்திலும் இல்லை. ஆனால் அதைச் சொல்லி அவரோடு தராசில் ஏற எனக்கு மனமில்லை. இருந்தாலும் வைத்தியர் எழுதிய பெயரை அனுப்பினேன். அனுப்பிவைப்பதாகச் சொன்னார், வர ஒரு மாதமாவது ஆகும் என்றும் சொன்னார்.

என் கணவர் அன்று பின்னேரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு, “பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. ஓட்டைக்கு ஒரு வாசர் போட வேணும், அவ்வளவுதான்” என்றார். அந்த மாதம் நான் கேட்ட பேச்சுகளில் அறிவுள்ள பேச்சு அது ஒன்றுதான்.

கரண்டியால் கொடுத்தோம். ஒரு முறைக்கு ஒரு மணி நேரம். பாதிப் பால் துணியில். அவளும் களைத்தாள், நானும் களைத்தேன். ஒரு கிழமை கழித்து நிறை பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அமுங்காத போத்தல்கள் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டுக்கொண்டு போனேன். இவற்றில் எதையாவது பயன்படுத்தலாமா என்று கேட்கலாம் என்பது என் எண்ணம்.

வைத்தியசாலைக் கிளினிக்கின் வாங்குப் பலகையில் என் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். மூதூரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் கிண்ணியா வழியாக வந்திருந்தாள். மடியில் நான்கு மாதப் பிள்ளை, ஆண் பிள்ளை. அவனுக்கு உதடும் பிளந்திருந்தது. அவள் ஒரு போத்தலால் அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மெல்லிய பிளாஸ்டிக், ரோஸ் நிறம், மேலே மஞ்சள் வாத்து ஒன்று. திருவிழாக் கடைகளிலும் பெருநாள் கடைகளிலும் விளையாட்டுச் சாமான்களோடு கயிற்றில் தொங்குமே, அந்த வகை. அவள் விரல் படும் இடத்திலெல்லாம் அது உள்ளே போனது.

அவளைப் பார்த்து நான் நினைத்ததை அப்படியே எழுதுகிறேன். இந்தச் சனங்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்று நினைத்தேன். கண்டதையும் வாங்கிப் பிள்ளையின் வாயில் வைக்கிறார்கள் என்று நினைத்தேன். எதிர்வீட்டு அன்ரியின் முகம் அந்த நேரம் என் கழுத்துக்கு மேல் இருந்திருக்க வேண்டும். நினைத்ததோடு நிற்கவுமில்லை.

“இந்தப் போத்தல் பிள்ளைக்குக் கூடாது. தரமில்லாத பிளாஸ்டிக்.”

அவள் போத்தலை எடுக்கவில்லை. பிள்ளையின் தொண்டையிலேயே கண்ணை வைத்திருந்தாள்.

“ஓம், டீச்சர்” என்றாள்.

“நான் டீச்சர் எண்டு எப்பிடித் தெரியும்?”

“கதையில தெரியுது.”

நிறை பார்க்கக் கூப்பிட்டார்கள். அவளுடைய பிள்ளை நிறுவையில் கை காலை அடித்துக்கொண்டு கிடந்தான். அவனுடைய கொப்பியில் நிறைக் கோடு நேராக மேலே போயிருந்தது. தாதி கொப்பியில் எழுதிக்கொண்டு தலையை ஆட்டினார். என் பிள்ளை போன கிழமையைவிட ஐம்பது கிராம் குறைந்திருந்தாள். நான் கூடையைத் திறந்து போத்தல்களைக் காட்டத் தொடங்கினேன். தாதி ஒன்றையும் கையில் எடுக்கவில்லை.

“இதெல்லாம் வேண்டாம். அந்தத் தங்கச்சியிட்டக் கேளுங்கோ. நானே அவட்டத்தான் பழகினனான்.”

அவளிடம் திரும்பிப் போவதற்கு அந்த விறாந்தையில் பத்து அடிதான் இருந்தது. அதுவரை நான் நடந்ததில் நீளமான பத்து அடி அது. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. என் கூடையிலிருந்து போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து அமத்திப் பார்த்தாள்.

“இது கல்லு. இதுவும் கல்லு. இதுக்குள்ள என்ன டீச்சர், இவ்வளவு குழாய்? புள்ளக்கு இழுக்க ஏலாது. அப்ப நாமதான் தள்ளணும். கல்லை எப்பிடித் தள்ளுற?”

ஐந்து சொல்லில் முடிந்துவிட்டது. இழுக்க ஏலாது, ஆகவே தள்ள வேண்டும். நான் சந்தித்த ஒருவரும், வைத்தியர் உட்பட, இதை எனக்கு இப்படிச் சொல்லவில்லை.

“உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் இல்ல. பத்துப் பதினொரு நாள் பஞ்சால நனைச்சு நனைச்சுக் குடுத்தன். நம்மட வீட்டுக்காரர் கொத்துரொட்டிக் கடையில நிக்கிறவர். ஒருநாள் அங்க போன நேரம், சோஸ் போத்தலை அமத்தி ரொட்டிக்கு மேல ஊத்துறதக் கண்டன். அண்டைக்குப் பின்னேரமே ஃபேன்சிக் கடையில போய், ஆக அமுங்குற போத்தல் எது எண்டு கேட்டு வாங்கின. கடைக்காரர் சிரிச்சார். அமுங்காததுதானே எல்லாரும் கேக்குற எண்டார்.”

சூப்பியின் நுனியைக் காட்டினாள். துவாரத்தைப் பெரிதாக்கவில்லை. கொதிநீரில் போட்டெடுத்த புது பிளேடால் சிலுவைபோலச் சிறிதாகக் கீறியிருந்தாள். அமத்தினால் மட்டும் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். பையில் இன்னொரு போத்தல் இருந்தது. அவித்துக் காயவைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். அதில் ஒரு தூசிகூட இருக்க வழியில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவளுக்குச் சுத்தம் பற்றிப் பாடம் எடுக்க வந்தவள் நான்.

பிழிந்து கொண்டுவந்த பாலை அதில் ஊற்றினேன். அவள் என் பிள்ளையை வாங்கி, கழுத்தைத் தாங்கி, நிமிர்த்தி இருத்தினாள். சூப்பியை வாயில் வைத்து, இரண்டு விரலால் மெல்ல ஒருமுறை அமத்தினாள். பிள்ளை விழுங்கினாள். விரலைத் தளர்த்தினாள். பொறுத்தாள். பிள்ளை வாயை அசைத்ததும் திரும்ப அமத்தினாள்.

“தொண்டையைப் பாருங்க, டீச்சர். நம்ம விரல் அதுக்குப் பின்னால போகணும். முன்னால போகக் கூடாது.”

இடையில் இரண்டு முறை தோளில் போட்டு, முதுகைத் தட்டி ஏவறை எடுத்தாள். இருபது நிமிடத்தில் போத்தல் வெறுமையானது. என் மகள் பால் குடித்து முடித்த பிறகும் தூங்காமல் கண்ணைத் திறந்து, தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

நான் அழவில்லை. அவ்வளவு வெட்கத்தோடு இருக்கும்போது அழுகை வராது. “நான் முதல் கதைச்சதுக்கு...” என்று தொடங்கினேன். அவள், “பஸ்ஸுக்கு நேரமாகுது, டீச்சர்” என்று சொல்லி, அந்த இரண்டாவது போத்தலை என் கூடையில் வைத்துவிட்டு எழும்பினாள். மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வசதியான இடம் செய்து தர அவளுக்கு அவசியமிருக்கவில்லை.

வரும் வழியில் பாமசியில் இறங்கி, அமுங்குகிற போத்தல் இருக்கிறதா என்று கேட்டேன். முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அந்தக் குப்பையள் நாங்கள் விக்கிறேல்லை, டீச்சர்.”

ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் நானும் பிள்ளையோடு மூதூருக்குப் போய் அந்த ஃபேன்சிக் கடையில் நான்கு வாத்துப் போத்தல்கள் வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் அவர்தான் கொடுத்துப் பார்த்தார். எனக்கு முதல் இரண்டு நாளும் விரல் அவசரப்பட்டது. வகுப்பில் பிள்ளைகள் பதில் சொல்ல முன்னால் நானே சொல்லிவிடுகிற பழக்கம். அவருக்கு முதல் முறையிலேயே கைவந்தது.

“படகு எஞ்சினுக்குப் பெற்றோல் ரியூப்பில ஒரு ரப்பர் பந்து இருக்கெல்லோ? ஸ்டார்ட் பண்ண முதல் அதை அமத்தி அமத்தி எண்ணெயைத் தள்ளுறது. கூட அமத்தினால் எஞ்சின் மூச்சுமுட்டும். அதே வேலைதான்.”

கடனுக்குச் செய்வதுபோலச் செய்யவில்லை அவர். எண்ணெய்க் கறை போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, கதிரையில் நேராக இருந்து, பிள்ளையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டு கொடுப்பார். ஆண்பிள்ளை போத்தல் பிடிக்கிறான் என்று எதிர்வீட்டிலிருந்து ஒரு கதை வந்தது. அவர் கதவைச் சாத்தவில்லை. அப்படியே இருந்து கொடுத்தார்.

அடுத்த கிழமை நிறை ஏறியது. அதற்கடுத்த கிழமை இன்னும் ஏறியது. தாதி ஒருமுறை சிரித்தார், அல்லது சிரித்ததாக எனக்குத் தோன்றியது.

மச்சாள் அனுப்பிய விசேட போத்தல் ஒன்றரை மாதம் கழித்து வந்தது. பெரிய பெட்டி, பஞ்சு, பல மொழிகளில் எழுதிய ஒரு புத்தகம். உள்ளே இருந்த போத்தல் அமுங்கியது. சூப்பிக்கு அடியில் பால் திரும்பிப் போகாமல் ஒரு சின்ன வால்வு இருந்தது. நல்ல சாமான், பழுது சொல்ல மாட்டேன். அதையும் பாவித்தோம். ஆனால் சாரம் ஒன்றுதான், வாத்து மட்டும் இல்லை. மூதூரில் ஒரு பெண் சோஸ் போத்தலைப் பார்த்து ஒரு பின்னேரத்தில் கண்டுபிடித்ததை அங்கே யாரோ அழகாகச் செய்து பெட்டியில் போட்டிருந்தார்கள். இன்றைக்கும் மச்சாள் யாரோடு கதைத்தாலும், தான் அனுப்பிய போத்தலால்தான் பிள்ளை தப்பியது என்று சொல்கிறார். முதலில் அனுப்பிய பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் திருத்துவதில்லை. அவருக்கு அது தேவைப்படுகிறது.

பாமசி முதலாளியை மறக்க எனக்கு விருப்பம்தான், அவர் விடவில்லை. சில மாதம் கழித்து அவருடைய கண்ணாடி அலுமாரியில் மெல்லிய போத்தல்கள் வரிசையாக நின்றன. வைத்தியசாலையிலிருந்து வருகிறவர்கள் கேட்கத் தொடங்கியிருக்க வேண்டும். என்னைக் கண்டதும் ஒன்றை எடுத்து அமத்திக் காட்டினார்.

“பார்த்தீங்களோ, டீச்சர், எப்பிடி அமுங்குது எண்டு. இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கினம். நான் அப்பவே சொன்னனான்.”

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் சொன்னதாக உண்மையிலேயே நம்பினார். அப்படிப்பட்ட மனிதரோடு என்ன கதைப்பது? பனடோல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பதினொரு மாதத்தில் கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. சரியாக வந்தது. மூதூர்ப் பெண்ணின் மகனுக்கு அதற்கு முன்னமே உதடு தைத்தாயிற்று. அண்ணத்துக்கும் பிறகு செய்தார்கள். எனக்கு அவளுடைய நம்பர் இருக்கிறது. இப்போது கிளினிக்கில் இப்படி ஒரு பிள்ளை வந்தால், தாதி அந்தத் தாயை எங்கள் இருவரில் ஒருவரிடம் அனுப்புகிறார். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்துவிட்டு, சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்கிறேன். அன்று தொடங்கி நின்றுபோன மன்னிப்பை அவளிடம் ஒருநாள் முழுதாகக் கேட்டு முடித்தேன். “அண்டைக்கு நீங்க என்ன சொன்னீங்க எண்டே எனக்கு ஞாபகமில்ல, டீச்சர்” என்றாள். அது உண்மையா, இல்லை என்னை அவ்வளவுக்குத்தான் மதித்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டாவதாக இருந்தால் அதுவும் சரிதான்.

என் மகளுக்கு இப்போது மூன்று வயது. பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறோம். கதைக்கும்போது காற்று மூக்கால் போய்விடும், சில எழுத்துக்கள் வராது. ப-னா அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அப்பாவை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவாள், என்னையும் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவாள். மெழுகுதிரி ஊதவைத்தோம், பஞ்சை ஊதவைத்தோம், கண்ணாடியில் உதட்டைப் பார்க்கவைத்தோம். மாதக்கணக்கில் ஊதினாள்.

போன மாதம் எதிர்வீட்டு அன்ரி வந்திருந்தார். கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே, பிள்ளையைப் பார்த்து, “இன்னும் மூக்காலதான் கதைக்குது, என்ன? பொம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஆர் கலியாணம் செய்யிறது” என்றார். பிள்ளை விளையாடிக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழும்பி வந்து, அவருக்கு முன்னால் நின்று, இரண்டு உதட்டையும் நன்றாக ஒட்டி, காற்றைப் பிடித்து விட்டாள்.

“போ” என்றாள்.

மூக்கால் ஒரு துளியும் போகவில்லை. குண்டூசி போலச் சுத்தமான ப-னா. அன்ரி தேத்தண்ணியை வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார். என் கணவர், பெரிய ஆட்களை அப்படிச் சொல்லக் கூடாது என்று பிள்ளையைத் திருத்த வேண்டும் என்றார். நான் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இன்னொருக்காச் சொல்லு பார்ப்பம் என்றேன்.